ஆறுக்கும் ஒன்பதுக்கும் அடியில் ஒரு கோடு

கறுப்பு வெள்ளைப் படத்தில்தான் உண்மை இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்குக் கதிரையில் இருப்புக் கொள்ளாது. எழும்பி நடக்க வேண்டும். சென்ற மாதம் மன்னார் நகரத்தில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிற இளம் ஆட்கள் நாலைந்து பேர், தோட்டவெளியில் இருக்கிற என் வீட்டுக்கு வந்து அதைத்தான் சொன்னார்கள். நான் மூன்று தரம் எழும்பி அடுப்படிக்குப் போனேன். மூன்று தரமும் தேத்தண்ணி போடாமலே திரும்பி வந்தேன்.

அவர்கள் ஒரு கண்காட்சி வைக்கப் போகிறார்கள். எல்லாமே கறுப்பு வெள்ளை. கலர்ப் படம் ஒன்றுகூட இல்லை. திறப்பு விழாவில் நான் பத்து நிமிடம் பேச வேண்டுமாம்.

“கலர் கண்ணை ஏமாத்தும் அன்ரி. கறுப்பு வெள்ளைதான் ஆளைக் காட்டும்” என்றான் சுரேன். அவர்களுக்குள் அவன்தான் வாய்க்காரன். சொல்லிக்கொண்டே கைத்தொலைபேசியில் என்னைப் படம் எடுத்து, எதையோ தட்டிக் கறுப்பு வெள்ளையாக்கிக் காட்டினான். “பாருங்கோ, என்ன ஆழம்!”

பார்த்தேன். செம்மஞ்சள் சட்டை போட்ட ஒரு வயதுபோன மனிசி, சாம்பல் சட்டை போட்ட வயதுபோன மனிசி ஆகியிருந்தாள். ஆழத்தை நான் காணவில்லை.

“தம்பி, எனக்கு மேடையிலை நிக்க ஏலாது. எழுதித் தாறன், வாசியுங்கோ” என்றேன். ஆளுக்கு ஒரு படமாக என்னையும் என் பழைய தகரப் பெட்டிகளையும் எடுத்து, ‘றெஜினா அன்ரியிடம் பழைய மன்னாரின் நெகற்றிவ் எல்லாம் இருக்கிறது’ என்று முகநூலில் போட்டுவிட்டுப் போனார்கள். அதைப் பார்த்து ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். அவள் வந்திராவிட்டால் நானும் நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

சந்தைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஸ்ரூடியோவில் முப்பத்தேழு வருடம் வேலை செய்தேன். முதலில் என்னைச் சேர்த்தது படம் எடுக்க அல்ல, கலர் போட. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் கோயில் திருநாளுக்கு முன்பு அந்தோனியார் சுரூபத்துக்கு நான் உதடு தீட்டியிருந்தேன். சிவப்புக் கூடிவிட்டது. பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். பங்குச் சுவாமி மாதா சுரூபத்தை மட்டும் தீட்ட என் கையில் தராமல் விட்டார். ஆனால் பூசைக்கு வந்திருந்த ஸ்ரூடியோக்கார அருளப்பு மாஸ்டர் சுரூபத்துக்குக் கிட்டப் போய் நின்று பார்த்துவிட்டு, “நிறம் பிழை. கோடு சரி. கை ஆடேல்லை” என்றார். அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போனேன்.

பழகிய காலத்தை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். முதல் வருடம் பென்சில் சீவினேன், இரண்டாம் வருடம் பஞ்சு சுற்றினேன். நெகற்றிவ்வில் முகப்பருவையும் தழும்பையும் மறைக்க ஊசி முனையாகச் சீவிய பென்சில் வேண்டும். படத்தின் மேல் எண்ணெய்க் கலரைத் தேய்க்க ஈர்க்கில் சுற்றிய பஞ்சு வேண்டும். இவ்வளவுதான் படிப்பு.

மாஸ்டர் சத்தம் போட்டுப் பேசாதவர். வாயில் எப்போதும் ஒரு கராம்பு கிடக்கும். ஒரு படத்தையாவது அழகு என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அவரிடம் இருந்தது ஒரேயொரு கேள்வி. “உனக்குத் தெரியுமோ, இல்லை நினைக்கிறியோ?”

அந்தக் கேள்வியை அவர் முதன்முதலாகக் கேட்டது ஒரு மணமகளின் படத்தில். எருக்கலம்பிட்டியில் நடந்த நிக்காஹ். சேலைக்கு நல்ல சிவப்புப் போட்டு, கரைக்குத் தங்கமும் வைத்துவிட்டேன். கலியாணச் சேலை என்றால் சிவப்புத்தானே. மாஸ்டர் படத்தைக் கையில் எடுத்தார், கராம்பை ஒரு கடைவாயிலிருந்து மற்றக் கடைவாய்க்கு மாற்றினார், கேள்வியைக் கேட்டார். நான் நினைத்தேன் என்று ஒப்புக்கொண்டேன். “அப்ப போய்க் கேட்டுக்கொண்டு வா” என்றார். பஸ் ஏறிப் போய்க் கேட்டேன். பச்சை. பின்னேரம் வரை ரேர்ப்பன்ரைன் தொட்டுச் சிவப்பைத் துடைத்தேன். அந்த வீட்டுப் பெண்கள் எனக்குத் தந்த வட்டிலப்பத்தின் இனிப்புக்கூட அன்று வாயில் தங்கவில்லை.

அன்று தொடக்கம் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு உறை. அதன் முதுகில் சேலை, தோல், கண், தோடு என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஆட்களுக்கே தெரியாத இடத்தில் கலர் போடக் கூடாது, சாம்பலாக விட வேண்டும். “கறுப்பு வெள்ளை ஒண்டும் பெரிய உண்மை சொல்லுறதில்லை, பிள்ளை. தெரியாததைத் தெரியாது எண்டு ஒத்துக்கொள்ளுது. அவ்வளவுதான் அதின்ர பெருமை” என்றார் ஒரு நாள். சுரேனுக்கு வேண்டிய பத்து நிமிடப் பேச்சு உண்மையில் இந்த ஒரு வரிதான்.

எங்கள் பக்கத்தில் கறுப்பு வெள்ளை நீண்ட நாள் நின்றதற்குக் கலையும் காரணமில்லை, ஆழமும் காரணமில்லை. கலர் பிலிம் றோலைக் கழுவக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். சண்டைக் காலத்தில் அனுப்பிய றோல் திரும்பி வருமா என்பது ஆண்டவருக்குத்தான் தெரியும். கறுப்பு வெள்ளை என்றால் எங்கள் இருட்டறையிலேயே முடித்துவிடலாம். அதிலும் தண்ணீர் ஒரு பாடு. மாஸ்டர் படங்களை முதலில் வளவுக் கிணற்றின் உவர்த்தண்ணீரில் அலசுவார், மருந்து கெதியாகப் போகும். பிறகு தள்ளுவண்டியில் வருகிற நல்ல தண்ணீரில் கடைசி அலசல். நல்ல தண்ணீரில் கஞ்சத்தனம் செய்தால் நாலு மாதத்தில் முகத்தில் உப்புப் பூத்துவிடும். சந்தைக் கழுதைகள் அந்தத் தண்ணீர் வாளிக்காகவே எங்கள் வாசலில் தவம் கிடக்கும். அவற்றைத் தள்ளிக்கொண்டுதான் மாப்பிள்ளை பொம்பிளை உள்ளே வர வேண்டும்.

இன்னொரு விஷயம் இந்த இளம் ஆட்களுக்குத் தெரியாது. உயிரோடு இருந்தவர்களுக்கு எங்களிடம் கறுப்பு வெள்ளை, செத்தவர்களுக்குத்தான் கலர். அடையாள அட்டைக்கும் பாசுக்கும் கறுப்பு வெள்ளை போதும். ஆள் போன பிறகுதான் அந்தச் சின்னப் படத்தைக் கொண்டு வந்து, “பெரிசாக்கிக் கலர் போட்டுத் தாங்கோ, இப்பிடியே பாக்க ஏலாமல் கிடக்குது” என்பார்கள். கலர் அவர்களுக்கு ஆடம்பரமாக இருக்கவில்லை. ஆளை இன்னும் கொஞ்ச நேரம் தங்களோடு வைத்திருப்பதற்கான வழியாக இருந்தது.

அந்த அட்டைப் படங்களில் ஒரு சேட்டு உண்டு. வெள்ளைச் சேட்டு விளக்கு வெளிச்சத்தில் பளீரென்று அடித்து, மடிப்பையும் கொலரையும் தின்றுவிடும். அதனால் மாஸ்டர் ஒரு வெள்ளைச் சேட்டை வெறும் தேயிலைச் சாயத்தில் தோய்த்துக் காயவைத்து, கதவுக்குப் பின்னால் ஆணியில் கொழுவியிருந்தார். நேரில் பார்த்தால் ஊத்தை மஞ்சள். படத்தில் நல்ல வெள்ளை. தலைமன்னார்க் கடற்தொழிலாளரும் அதைத்தான் மாட்டினார், நறுவிலிக்குளத்து வயல்காரரும் அதைத்தான் மாட்டினார். இரண்டாவது பொத்தான் மட்டும் கறுப்பு. விழுந்து போன வெள்ளைப் பொத்தானுக்குப் பதிலாக நானே தைத்தது.

மாஸ்டரின் சட்டங்களில் கடைசி ஒன்று பாக்கி. படத்தின் முதுகில் இலக்கம் எழுதும்போது ஆறு, ஒன்பது வருகிற இலக்கத்துக்கு அடியில் கோடு போட வேண்டும். கோடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் கீழ். எனக்கு அது ஒரு கிழட்டுப் பிடிவாதமாகத் தெரிந்தது.

சண்டைக் காலத்தில், கடலுக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் படம் ஒட்டிய பாஸ் வேண்டும் என்று கடற்படைக்காரர் ஒரு முறை அறிவித்தார்கள். ஒரு சனிக்கிழமை தலைமன்னாரிலிருந்து இரண்டு லொறியில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். பாதிப்பேர் ஊர்க்காரர். மற்றவர்கள் கடற்கரையில் ஓலையால் வாடி போட்டுத் தங்கி ஒரு பருவம் மட்டும் தொழில் செய்ய வேறு கரைகளில் இருந்து வந்தவர்கள். எல்லோருக்கும் அந்தச் சேட்டு, எல்லோருக்கும் தண்ணீர் தொட்டு வாரிய தலை. பெயர்ப் பட்டியல் அவர்களின் சங்கக் கிளாக்கர் கையில் இருந்தது. எங்கள் கொப்பியில் ‘பாஸ் படம், 651 முதல் 702 வரை’ என்று ஒரே வரி.

ஆளுக்கு மூன்று படம். இரண்டு பாசுக்கு, ஒன்று அவரவர் கையில். அடுத்த சனிக்கிழமை படம் எடுத்துப் போக லொறி வந்து நின்று ஹோர்ன் அடித்தது. நூற்றைம்பத்தாறு சின்னப் படங்களின் முதுகில் நான் இலக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். கோடு போட மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். மறக்கவில்லை. வேண்டுமென்றே போடவில்லை. கை வலித்தது, ஹோர்ன் எரிச்சலாக இருந்தது, முதுகில் ஸ்ரூடியோ முத்திரையும் இருக்கிறதுதானே, எது மேல் எது கீழ் என்று அது காட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை அன்னம்மா வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். இடுப்பில் ஒரு கைக்குழந்தை, பக்கத்தில் பார்வை மங்கிய மாமியார். அவளுடைய மனுசன் தாசன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. மணல் திட்டுப் பக்கம் படகு மட்டும் கவிழ்ந்து கிடந்ததாம். பாசும் அவனோடு போய்விட்டது. அவளிடம் இருந்தது அந்த மூன்றாவது சின்னப் படம் மட்டும். அதுவும் கூரை ஒழுகி நனைந்து, முகம் இருந்த இடத்தில் ஊதி உரிந்துபோய், தலைமயிரும் கொலரும் கறுப்புப் பொத்தானும்தான் மிச்சம். முதுகில் முத்திரை கரைந்து ஊதாக் கறையாகியிருந்தது. நான் எழுதிய இலக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

“அக்கா, இதைப் பெரிசாக்கி, கலர் போட்டு, வெள்ளிக்கிழமைக்கிடையிலை தருவீங்களோ? வெள்ளிக்குப் பிறகு நாங்கள் இஞ்சை இருக்க மாட்டம்.”

அந்த நாட்களில் அந்த வசனத்துக்கு அர்த்தம் கேட்கத் தேவையில்லை. அக்கரைக்கு, இந்தியாவுக்குப் போகிற படகு ஏறப் போகிறார்கள். மாஸ்டர் கடதாசியும் மருந்தும் வாங்கக் கொழும்புக்குப் போய், பாதை பூட்டி இரண்டு கிழமையாக அங்கேயே நின்றார். நான் உறையை எடுத்து எழுதினேன். தோல்: மாநிறம். சேட்டு: நீலம் (அவனுக்கு நீலம் விருப்பமாம்). கண்?

“தேன் நிறம் அக்கா. பூனைக்கண் எண்டு பகிடி பண்ணுவினம். வெய்யிலுக்கை நிண்டா மஞ்சள் அடிக்கும்” என்று சொன்னவள், அன்று அந்த ஒரு இடத்தில்தான் சிரித்தாள்.

படத்தின் முதுகைப் பார்த்தேன். 699. நெகற்றிவ் பெட்டியில் 699ஐ எடுத்து, பெரிதாக்கி, கலர் பிடிப்பதற்காகப் பழுப்பேற்றி, காய வைத்தேன். நல்ல முகம். அகன்ற நெற்றி, இறுக்கிய உதடு. வியாழக்கிழமை காலை கலர் போட இருந்தேன். தோல் முடிந்தது, உதடு முடிந்தது, நீலச் சேட்டு முடிந்தது. கண்ணை எப்போதும் கடைசியில்தான் தொடுவோம். உறையில் தேன் நிறம் என்று என் கையெழுத்து. படத்தில் இருந்த கண் கன்னங்கறுப்பு.

கை நின்றது. அந்த நிமிடத்தை நான் இப்போதும் ஒவ்வொரு அசைவாகச் சொல்லுவேன். பஞ்சைக் கீழே வைத்தேன். வாசலுக்குப் போய்க் கழுதையைக் கலைத்தேன். திரும்பி வந்தேன். தெரியுமோ, நினைக்கிறியோ? மாஸ்டர் அங்கே இல்லை, ஆனால் கராம்பு மணந்தது. விளக்கை உயர்த்தி வைத்தால் புருவ நிழலில் வெளிர்ந்த கண்ணும் கறுப்பாக விழும் என்று எனக்கு நானே விளக்கம் சொன்னேன். கறுப்பு வெள்ளை அப்படித்தான், நிறத்தைத் தின்றுவிடும் என்று சொன்னேன். கறுப்பின் மேல் எண்ணெய்க் கலர் பிடிக்காது. அதனால் சவர அலகின் முனையால் இரண்டு கருவிழிகளையும் மெல்லச் சுரண்டி வெளுக்க வைத்து, அதன் மேல் ஒற்றை மயிர்த் தூரிகையால் தேன் நிறம் வைத்தேன். என் வாழ்க்கையில் நான் வைத்த நல்ல கண்கள் அவைதான். அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை அன்னம்மா கடதாசியைப் பிரித்தாள். பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். மாமியார் தடவித் தடவிப் படத்தைப் பறித்து, மூக்குக்கு முன்னால் பிடித்து, “என்ர ராசா, என்ர ராசா” என்று கொஞ்சிக் கதறினார். மகன் போன நாளிலிருந்து மனுசி வாய் திறக்கவில்லையாம். அன்னம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“கண் சரி அக்கா” என்றாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த இரண்டு வார்த்தையை நான் பல வருடம் பதக்கம் மாதிரிக் குத்திக்கொண்டு திரிந்தேன். மாஸ்டரிடமும் சொன்னேன். அவர் கராம்பை மாற்றிவிட்டுத் தலையாட்டினார். படத்தின் முதுகில் 699 என்று, இந்தத் தரம் கோடும் போட்டு, ஒழுங்காக எழுதியதையும் சொன்னேன். பிழையை நானே கோடு போட்டு உறுதிப்படுத்தியிருக்கிறேன் என்று அன்றைக்கு இருவருக்கும் தெரியாது.

சுரேன் ஆட்கள் வந்துபோன ஒன்பதாம் நாள் படலையில் ஒரு பெண் நின்றாள். கையில் துவாயால் சுற்றிய ஒரு படம்.

“றெஜினா அன்ரியோ? நான் ஜெனிற்றா. தலைமன்னார். அன்னம்மாவின்ர மகள்.”

அன்று இடுப்பில் இருந்த கைக்குழந்தை. இப்போது பிரதேச சபைக் கந்தோரில் வேலை, ஆறு வயதில் ஒரு மகன். இந்தியாவில் முகாமில் வளர்ந்து, சண்டை முடிந்த பிறகு தாயோடு திரும்பி வந்தவள். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு துவாயைப் பிரித்தாள். என் நீலச் சேட்டு, என் உதடு, என் தேன் கண். கலர் கொஞ்சமும் மங்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கியது.

“கோவிக்காதேங்கோ அன்ரி. எனக்கு இந்தக் கலர் பிடிக்கேல்லை. கலண்டர்ச் சாமி மாதிரிக் கிடக்குது. கலர் இல்லாத படம் உங்களிட்டை இருக்கும் எண்டு பேஸ்புக்கிலை பாத்தனான். எனக்கு அப்பாவின்ர உண்மையான முகம் வேணும்” என்றவள், கைத்தொலைபேசியைத் திறந்து மகனைக் காட்டினாள். பல் விழுந்த சிரிப்பு. வெளிர்ந்த தேன் நிறக் கண்கள். “இவன்ர கண் எங்கட ஆக்கள் ஒருத்தரிட்டையும் இல்லை. என்ர மனிசன்ர பக்கத்திலையும் இல்லை. அப்பாவின்ர கண் எண்டு அம்மா சொல்லுறா. ஆனா இந்தப் படத்திலை கண் மட்டும் பிறகு ஒட்டினது மாதிரி இருக்குது. சொல்லுங்கோ, இது அப்பாவுக்கு இருந்த கண்ணோ, நீங்கள் போட்ட கண்ணோ?”

“அம்மா சொல்லித்தான் போட்டனான், பிள்ளை. ரெண்டு நாள் தாங்கோ, எடுத்து வைக்கிறன்” என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது.

அவள் போனதும் பெட்டியை எடுத்து, 699ஐ யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். நெகற்றிவ்வில் எல்லாம் எதிர்மாறு. கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்புக் கறுப்பாகவும் தெரியும். கண்ணாடித் துண்டு மாதிரி வெளுத்துக் கிடந்தன இரண்டு கண்கள். சுத்தக் கறுப்புக் கண்கள். விளக்கின் வேலையும் இல்லை, நிழலின் வேலையும் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் கழித்து, அதே கேள்வி.

இலக்கத்தை ஒரு கடதாசியில் எழுதிப் பார்த்தேன். கடதாசியைத் தலைகீழாகத் திருப்பினேன். 669.

பெட்டியில் 669ஐத் தேடினேன். எடுத்தேன். ஒடுங்கிய முகம், கொஞ்சம் திறந்த வாய், சிரிக்கலாமா என்று யோசிக்கிற பார்வை. அதே சேட்டு, அதே பொத்தான். கண்கள் மட்டும் நெகற்றிவ்வில் கறுத்துத் தடித்துக் கிடந்தன. வெளிர்ந்த கண்கள்.

இரண்டையும் சுரேனிடம் கொண்டுபோய்ப் படமாக்கினேன். “ஆர் அன்ரி, அண்ணன் தம்பியோ? ஒரே சேட்டு” என்றான். படங்களை வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் இருக்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. 669ஐ மட்டும் அவள் கையில் கொடுத்து, பெரிதாக்கும்போது முகம் கொஞ்சம் மாறியிருக்கும் என்று சமாளித்துவிடலாம். அதுதான் முதலில் வந்த யோசனை. அதையும் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் காலை தலைமன்னார் பஸ் ஏறினேன். வேலை நாள், ஜெனிற்றா கந்தோரில் இருப்பாள் என்று கணக்குப் போட்டுத்தான் போனேன். முதலில் தாயிடம் கேட்போம் என்பது சாட்டு. மகளின் முகத்துக்குப் பயம் என்பது உண்மை.

அன்னம்மாவுக்கு முழங்கால் ஏலாது. கட்டிலில் இருந்தபடியே என்னைக் கண்டுபிடித்தாள். சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒரு வெறும் ஆணி, அதற்கடியில் திரி கருகிய சின்ன விளக்கு. கலர்ப் படம் மகளின் துவாயில் சுற்றியபடி மேசையில் கிடந்தது. நான் பீடிகை ஒன்றும் போடவில்லை. 669ஐ அவள் மடியில் வைத்தேன்.

வாசலில் கோழி கொத்துகிற சத்தம் கேட்டது. அவள் விரலால் அந்த வாயைத் தொட்டாள். பிறகு கண்ணை.

“இவ்வளவு சின்னப் பெடியனோ இவர்?” என்றாள். “என்ர மனசுக்குள்ளை என்னோடை சேந்து இவருக்கும் வயது போட்டுது, அக்கா.”

“அன்னம்மா, அந்தப் படம் பிழை. நான்தான் பிழை விட்டனான். இலக்கத்தைத் தலைகீழாப் பாத்துட்டன்.”

“தெரியும்.”

“எப்ப தெரியும்?”

“அண்டைக்கே தெரியும். கட்டின மனிசன்ர முகம் தெரியாதோ? நான் கண் சரி எண்டுதானே சொன்னனான். முகம் சரி எண்டு சொல்லேல்லையே.” என்னைப் பார்க்காமல் படத்தைப் பார்த்தபடி பேசினாள். “மாமி அதைக் கொஞ்சிக்கொண்டு நிண்டா. பின்னேரம் படகு. பிழை எண்டு சொல்லித் திருப்பித் தந்திருந்தா, ஒண்டும் இல்லாமல்தான் ஏறியிருப்பம். கண்ணை மட்டும் நீங்கள் சரியாப் போட்டிருந்தீங்கள். மிச்சத்தை மறைச்சுக்கொண்டு கண்ணைப் பாத்துக் கதைப்பன். இவ்வளவு காலமும் அப்பிடித்தான்.”

அவள் கையைத் தூக்கிக் காட்டினாள். நெற்றியையும் வாயையும் மறைத்துக் கண்ணுக்கு மட்டும் இடைவெளி விட்டு, விரல்களை எப்படிப் பிடிப்பாள் என்று.

நான் அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஜெனிற்றா வீட்டுக்கு வருவாள் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

அவள் தாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மடியில் இருந்த படத்தை எடுத்தாள். கண்ணைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். “இவன்ர கண்” என்றாள். மகனைச் சொல்கிறாள். முகம் மலர்ந்துகொண்டு வந்தது. பிறகு மேசைக்குப் போய்த் துவாயை விலக்கி, நீலச் சேட்டுப் படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“அப்ப இவர் ஆர்?”

நீலச் சேட்டுப் படத்தைத் தூக்கி எங்கள் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

“முதல் நன்மைப் பூசைக்கு இவற்ற காலடியிலைதான் முட்டுக்குத்தி நிண்டனான். கலியாணத்துக்கும் இவரிட்டைத்தான் கும்பிட்டுட்டுப் போனனான். ஆர் அம்மா இவர்?”

“தெரியாது பிள்ளை” என்றேன் நான். “இலக்கம் மட்டும்தான் இருக்குது. வாடிக்கு வந்த ஆளாயிருக்கும். பேர் எழுதேல்லை.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “ஒரு கோடு போடுறதுக்கு உங்களுக்கு எவ்வளவு நேரம் போகும் அன்ரி?”

அன்னம்மாதான் அந்த நீலச் சேட்டுக்காரனைத் திரும்பவும் ஆணியில் மாட்டச் சொன்னாள். “இவ்வளவு காலம் எங்களோடை இருந்த மனிசன். இப்ப றோட்டிலை விடுறதோ?” ஜெனிற்றா மாட்டவில்லை. 669ஐ எடுத்துக்கொண்டு உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் படலை தாண்டும் வரை கதவு திறக்கவில்லை.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள். யன்னலடிக்குப் போவதும் வருவதும்தான் வேலை. கறுப்பு வெள்ளையை நம்பியிருந்தால் அந்தக் கறுப்புக் கண் அன்றைக்கே சொன்ன ‘இது தாசனில்லை’ என்பது எனக்குக் கேட்டிருக்கும். கலரை நம்பி நான் போட்ட கண்ணோ அவனுடைய கண்ணாகவே இருந்தது. எது உண்மை, எது மயக்கம் என்று சுரேன் எனக்கு விளங்கப்படுத்தட்டும். எனக்கு விளங்கவில்லை.

நேற்றுப் பின்னேரம் ஜெனிற்றா தொலைபேசியில் எடுத்தாள். சுகம் விசாரிக்கவில்லை.

“அன்ரி, மற்ற மனிசன்ர படம், கலர் இல்லாதது, உங்களிட்டை இருக்குதுதானே? அதைக் கண்காட்சியிலை மாட்டச் சொல்லுங்கோ.”

“ஏன் பிள்ளை?”

“அவற்ற வீட்டிலையும் ஆரும் படம் இல்லாமல் இருப்பினம்” என்றாள். தொலைபேசியை வைத்துவிட்டாள்.

ஆகவே, தம்பி சுரேன், இந்தக் கட்டுரையோடு ஒரு படம் அனுப்புகிறேன். பென்சில் படவில்லை, அலகு படவில்லை, பஞ்சு படவில்லை. கண்ணைச் சுரண்டுவதற்கு முன்பு இருந்த மாதிரியே இருக்கிறது. வாசலுக்கு நேரே, ஆட்கள் முகத்துக்கு முகம் பார்க்கிற உயரத்தில் மாட்டு. கீழே ஆழம் கீழம் என்று ஒன்றும் எழுத வேண்டாம். பெயர் தெரியாது, கண் கறுப்பு, சேட்டு எங்களுடையது என்று மட்டும் எழுது. யாராவது வந்து நின்று நெடுநேரம் பார்த்தால் எனக்கு உடனே சொல்லு. எந்த நேரமானாலும் வருவேன். படத்தின் முதுகில் 699 என்று எழுதியிருக்கிறேன். அடியில் கோடு போட்டிருக்கிறேன்.